வாடகைக் குடியிருப்பில் பழுது: இரு தரப்பினரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகைக்குக் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒரு குழாய் ஒழுகத் தொடங்கியதும் "இதற்கு யார் செலவு செய்வது?" என்றுதான் இரு தரப்பினரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் "இது எதனால் வந்தது?" என்று கேட்டிருந்தால், பெரும்பாலான சச்சரவுகள் தொடங்கியிருக்கவே மாட்டா. சிறிய பழுது குடியிருப்பவருக்கு, பெரிய பழுது வீட்டு உரிமையாளருக்கு என்று பலரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு சில நேரம் சரியாக வருவதால்தான் அதை நம்பி ஏமாறுகிறோம். சமையலறைத் தொட்டியின் வடிகுழாய் எண்ணெய்ப் பிசுக்காலும் சோற்றுப் பருக்கையாலும் அடைத்துக்கொண்டால், அதைச் சுத்தம் செய்வது குடியிருப்பவரின் பொறுப்பு. அதே அடைப்பு, சுவருக்குள் செல்லும் குழாய் போதிய சரிவின்றிப் பதிக்கப்பட்டதால் ஏற்பட்டது என்றால், அவர் மாதந்தோறும் பிளம்பரை அழைத்தாலும் அது தீராது. அதைத் தீர்க்க வேண்டியவர் உரிமையாளர்.

சட்டங்களும் ஏறத்தாழ இந்த வழியிலேயே சிந்திக்கின்றன. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, நியாயமான தேய்மானமும் தடுக்க இயலாத சக்திகளால் நேரும் சேதமும் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைப் பேணித் திருப்பித்தரும் கடமையைக் குடியிருப்பவர்மீது வைக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒரு பட்டியலையே இணைத்திருக்கிறது. கட்டடத்தின் கட்டமைப்பு, வெள்ளையடித்தல், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை உரிமையாளர் பக்கத்திலும், குழாயின் வாஷர், வடிகால் சுத்தம், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பக்கத்திலும் அதில் நிற்கின்றன. எழுத்து ஒப்பந்தத்தில் வேறுவிதமாகவும் பிரித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, 7 ஆண்டுக்குக் குறைவான குத்தகைகளில் கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், மின்சாரம், எரிவாயு, கழிவுநீர், வெந்நீர் ஆகியவற்றுக்கான இணைப்புகளையும் உரிமையாளரிடமே ஒப்படைக்கிறது. ஆகவே "எல்லாப் பழுதுக்கும் வாடகைதாரரே பொறுப்பு" என்ற ஒற்றை வரியில் கையெழுத்திடுவதற்கு முன்னால், தாம் வாழும் ஊரின் சட்டம் அத்தகைய வரியை ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வாயால் சொன்னது போதும் என்று நினைப்பது

எல்லாத் தவறுகளிலும் அதிக இழப்பைத் தருவது இதுதான் என்பது என் கருத்து. நான் குடியிருந்த வீடு ஒன்றில் சமையல் மேடைக்குக் கீழிருந்த அலமாரியின் பின்பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. வாடகை கொடுக்கப் போனபோது உரிமையாளரிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றார். அடுத்த மாதமும் சொன்னேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பலகை அடிப்பக்கத்திலிருந்து ஏடு ஏடாகப் பிரிந்து, விரலால் அழுத்தினால் உதிரும் நிலைக்கு வந்தது. அவரோ, ஒரு தடவைகூட நான் சொன்னதாகத் தமக்கு நினைவில்லை என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நம்பவில்லை, மறந்திருக்கலாம். ஆனால் நான் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பலகை மாற்றிய செலவு என் முன்பணத்தில் கழிந்தது.

பழுதைத் தெரிவிப்பது ஒரு சலுகையைக் கேட்பது போன்றது என்று தயங்குபவர்கள் அதிகம். உண்மையில் அது குடியிருப்பவரின் கடமையும்கூட. செருமனியின் குடிமைச் சட்டத்தில், குறையைத் தாமதமின்றித் தெரிவிக்காத வாடகைதாரர் அந்தத் தாமதத்தால் விளைந்த சேதத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போதும்: எந்த இடத்தில் என்ன பழுது, எப்போதிலிருந்து தெரிகிறது, இரண்டு ஒளிப்படங்கள், பணியாள் எந்த நேரத்தில் வரலாம். நேரில் பேசி முடித்த பிறகும், பேசியதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும். உரிமையாளரும் பதிலை எழுத்தில் தருவதே அவருக்குப் பாதுகாப்பு.

காரணத்தைக் காணாமல் பூச்சுப் பூசுவது

சுவரில் ஓதம் ஏறி வண்ணம் உப்பினால், உரிமையாளர் பெயின்டரை அனுப்புவார்; மூன்று மாதத்தில் அதே இடம் மறுபடியும் உப்பும்; அதற்குள் குடியிருப்பவர்மீது பழி விழும். ஓதத்துக்குக் குறைந்தது மூன்று மூலங்கள் உண்டு. ஒன்று, சுவருக்குள்ளோ தளத்துக்குள்ளோ உள்ள குழாயின் கசிவு. இரண்டு, மழைநீர் வெளிச்சுவர் விரிசல் வழியாகவோ மேல்தளத்தின் வழியாகவோ இறங்குவது. மூன்று, அறைக்குள் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது. முதல் இரண்டும் கட்டடத்தின் குறை. மூன்றாவதில் வழக்கு கொஞ்சம் சிக்கலானது: சன்னலையே திறக்காமல் ஈரத்துணியை உள்ளே உலர்த்துவதால் வரலாம், குளியலறையில் காற்று வெளியேற வழியே வைக்காமல் கட்டியதாலும் வரலாம்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஈரம் தெரியும் சுவரின் மேற்பரப்பைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் அளவு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது பெரும்பாலும் அறையின் நீராவி. சுவர்ப்பக்கத்தில் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரையில் கறை தெரிந்தால், அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு வரைந்து அருகில் தேதியை எழுதிவைக்கலாம். மழை இல்லாத வாரத்திலும் கறை கோட்டைத் தாண்டினால், மேல்வீட்டுக் குளியலறையின் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். வீட்டுக்குத் தனியாகத் தண்ணீர் மீட்டர் இருந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் அளவைக் குறித்தால், அழுத்தத்தில் உள்ள குழாயின் கசிவு தெரிந்துவிடும். கழிப்பறைத் தொட்டியில் சில சொட்டு நிறம் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் அரைமணி விட்டுப் பார்த்தால், கீழே நிறம் இறங்கியிருப்பதே அதன் அடைப்பான் தேய்ந்திருப்பதற்குச் சான்று.

மின்சாரத்தில் மட்டும் சொந்தப் பரிசோதனையை இந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: எந்தக் கருவியைப் போட்டால் பிரேக்கர் விழுகிறது என்று குறித்துவைப்பது. ஒரே கருவியில் விழுந்தால் குறை பெரும்பாலும் கருவியில். எதையும் போடாதபோதும் விழுந்தால் கம்பி இணைப்பைப் பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாகப் பொருத்தப்படும் கசிவு மின்னோட்டத் தடுப்பான் 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைந்திருப்பது உயிரைக் காப்பதற்காக. அடிக்கடி விழுகிறதென்று அதை நீக்கி நேரடியாக இணைக்கச் சொல்லும் குடியிருப்பவரும், அதற்கு ஒப்புக்கொள்ளும் உரிமையாளரும் செய்வது மன்னிக்க முடியாத தவறு.

தேய்மானத்தையும் சேதத்தையும் குழப்புவது

வெயிலில் வெளுத்த சுவர், நடந்து நடந்து மங்கிய தரை, பல ஆண்டு உழைத்துத் தளர்ந்த கைப்பிடி ஆகியவை தேய்மானம். உடைந்த டைல்ஸ், சூடான பாத்திரத்தால் கருகிய மேடை ஆகியவை சேதம். சேதம்தான் என்று உறுதியானாலும், பழைய பொருளுக்குப் புதிய பொருளின் முழு விலையையும் முன்பணத்தில் கழிப்பது நியாயமாகாது. அந்தப் பொருளின் ஆயுளில் எஞ்சியிருந்த பங்குக்கே ஈடு கேட்கலாம். இதையெல்லாம் வாதிட வேண்டுமானால் குடிவந்த நாளின் நிலை தெரிந்திருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளில் அறை அறையாகக் காணொளி எடுப்பவர்கள்கூட, அலமாரிகளின் உட்புறத்தையும் கழுவு தொட்டியின் அடியையும் விட்டுவிடுகிறார்கள். குழாய்களைத் திறந்துவைத்தபடி எடுப்பது இன்னும் நல்லது.

வாடகையை நிறுத்துவது, தண்ணீரை நிறுத்துவது

பழுது பார்க்கவில்லை என்ற கோபத்தில் வாடகையைத் தராமல் விடும் குடியிருப்பவர், வலுவான தம் பக்கத்தைத் தாமே பலவீனமாக்கிக்கொள்கிறார். அதுவரை உரிமையாளரின் அலட்சியமாக இருந்த வழக்கு, அன்று முதல் வாடகை பாக்கியாகிவிடுகிறது. மேற்சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் காத்திருந்த பிறகு, குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்க இடம் தருகிறது. தமிழ்நாட்டுச் சட்டம் அந்தக் கழிவை ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேற்படாமல் வரையறுக்கிறது. அறிவிப்பு, காத்திருப்பு, ரசீது ஆகிய மூன்றும் இல்லாமல் கழித்தால் பாதுகாப்பு இல்லை.

இதே கோபம் மறுபக்கத்தில், தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதாக வெளிப்படுகிறது. பாக்கி எவ்வளவு இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது. பழுது பார்க்கத்தான் வந்தேன் என்று முன்னறிவிப்பின்றிக் கதவைத் திறந்து நுழைவதும் தவறுதான். இங்கிலாந்திலும் தமிழ்நாட்டிலும் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கச் சட்டம் சொல்கிறது. அவ்வாறு அறிவித்து வரும் பணியாளை ஒவ்வொரு தடவையும் ஏதாவதொரு காரணம் சொல்லித் திருப்பியனுப்பும் குடியிருப்பவர், பின்னர் தாமதத்தைப் பற்றிக் குறைகூற முடியாது.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல், பழுது தெரியும் வீடும் அது பிறக்கும் வீடும் வேறு வேறாக இருப்பது. மேல்வீட்டுக் குளியலறையின் டைல்ஸ் இடுக்கில் இறங்கும் நீர், கீழ்வீட்டுக் கூரையில்தான் சொட்டும். குடியிருப்பவர் மேலே ஏறிப்போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் வீட்டுக்காரர், எனவே மேல்வீட்டாருக்கும் சங்கத்துக்கும் எழுத வேண்டியவரும் அவரே. "மேல்வீட்டுப் பிரச்சினை, நான் என்ன செய்வது?" என்று அவர் ஒதுங்குவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

கடைசியாக, நள்ளிரவில் குழாய் வெடித்தால் என்ன செய்வது என்பதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. வீட்டின் தண்ணீரை முழுவதும் நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது, அது இறுகிப்போகாமல் திரும்புகிறதா என்பதைச் சாவி மாறும் நாளிலேயே இருவரும் சேர்ந்து திருப்பிப் பார்க்க வேண்டும். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடிக்க முடியாத நிலையில் எந்தத் தொகைவரை குடியிருப்பவர் தாமாகவே செலவழிக்கலாம், எத்தனை நாளில் அது திருப்பித் தரப்படும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். அப்படிச் செலவழித்தவர், ரசீதோடு கழற்றிய பழைய பாகத்தையும் ஒரு பையில் போட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். வெடித்த குழாயின் துண்டைப் பார்த்தாலே, அது துருவால் போனதா அடிபட்டு உடைந்ததா என்று தெரிந்துவிடும்.