விமான காம்போசிட் வேலையில் உடம்பைக் கெடுக்கும் பழக்கங்கள்

காம்போசிட் என்பது கண்ணாடி இழை போன்றவற்றை ரெசின் என்ற பிசினில் நனைத்து இறுக வைக்கும் பொருள். அதில் ஃபைபர்கிளாஸ் வேலை என்றதும் எல்லோரும் அரிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அரிப்பு போய்விடும். போகாதது எபாக்ஸி என்ற ரெசின் வகையால் வரும் ஒவ்வாமை. ரெசினும், அதை இறுக வைக்கும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள்களும் தோலில் பட்டுப் பட்டு, ஒரு கட்டத்தில் உடம்பு அவற்றைத் தாங்காமல் போகும். அப்புறம் ஒரு துளி பட்டாலே கை தடிக்கும், கண் இமை வீங்கும். பெரும்பாலும் இது வாழ்நாள் முழுக்கத் தொடரும். கைவந்த தொழிலையே விட வேண்டி வரலாம்.

அதனால் பெரிய தவறு என்று நான் நினைப்பது, கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோன் என்ற கரைப்பானால் கழுவுவதுதான். கை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அசிட்டோன் ரெசினைக் கரைத்துப் பரப்புகிறது, தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. காய்ந்து வெடித்த தோல் வழியே ரெசின் சுலபமாக உள்ளே போகும். முதலில் காகிதத் துணியால் துடைத்தெடுங்கள், பிறகு சோப்பும் தண்ணீரும் போதும்.

கையுறை போட்டால் கவலையில்லை என்பதும் சரியில்லை. ரெசினுக்கு நைட்ரைல் ரப்பர் கையுறை நல்லது. ஆனால் அசிட்டோன் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். ரெசின் பட்ட கையுறையோடு போனை எடுத்தால், சாயங்காலம் அதே போன் கன்னத்தில் இருக்கும்.

தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் வேலைக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது கரைப்பான் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு பொருந்தாது. வேலை முடிந்ததும் மேசை மேல் திறந்து போடாதீர்கள், கார்ட்ரிட்ஜ் அங்கேயும் ஆவியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். எரிபொருள் டேங்குக்குள் இறங்க அது போதவே போதாது, ஏனென்றால் அது ஆக்சிஜன் தராது.

முழுதாக இறுகாத ரெசினைத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியும் ஒவ்வாமையைக் கிளப்பும். பெயிண்டுக்கு அடியில் பூசிய பழைய பிரைமரில் புற்றுநோய் உண்டாக்கும் ஸ்ட்ரான்சியம் குரோமேட் இருக்கலாம், என்னவென்று பார்க்காமல் சாண்டர் என்ற தேய்க்கும் இயந்திரத்தை வைக்காதீர்கள். உடுப்புத் தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது எல்லோர் மூக்கிலும் ஏற்றிவிடும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் போடுங்கள். அந்த உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள்.

பாலியெஸ்டர் என்ற இன்னொரு ரெசினை இறுக வைக்க ஊற்றும் எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அளக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் மருத்துவமனை. அந்த கேட்டலிஸ்ட்டை, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கலாம். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.