மலை ஏரி டைவிங்: திட்டத்தை வீடு திரும்பும் சாலையிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் ஸ்கூபா டைவிங் குழுவில் அட்டவணை போடும் வேலை என்னுடையது. மலை ஏரிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னதும் மற்றவர்கள் ஏரியின் ஆழத்தைத் தேடுவார்கள். நான் சாலை வரைபடத்தைத் திறப்பேன். திரும்பி வரும் வழி இறங்கிக்கொண்டே போகிறதா, இல்லை ஏரியைவிட உயரமான கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டுமா? எத்தனை டைவ், எந்த நாளில் என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்யும்.

கரையேறிய பிறகும் உடம்பில் கூடுதல் நைட்ரஜன் தங்கியிருக்கும். அதோடு மேலே போனால் காற்றழுத்தம் குறைகிறது, அந்த நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகலாம். விமானம் ஏறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விமானத்துக்கு டைவர்களின் பாதுகாப்புக்கான டேன் அமைப்பு சொல்லும் இடைவெளி, டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் காத்திருப்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18. கணவாய்க்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன். அதனால் வழியில் கணவாய் இருந்தால் சனிக்கிழமை மட்டும்தான் டைவ். மாலை 4 மணிக்குக் கரையேறினால் ஞாயிறு காலை 10 மணிக்கு முன் வண்டியை எடுப்பதில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று பக்கத்து மலையில் ஏறிவிடாதீர்கள், அதுவும் உயரம்தான். சாலை கீழே மட்டும் இறங்கினால் ஞாயிறு காலையும் ஒரு டைவ் போடலாம்.

வெள்ளி இரவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். தாழ்வான ஊரிலிருந்து வருகிறவரின் உடம்பில், அந்த உயரத்துக்கு வேண்டியதைவிட நைட்ரஜன் அதிகமாகவே இருக்கும். குறைந்தது 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தூங்கி எழுந்தால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. 300 மீட்டருக்கு மேல் இருந்தாலே அது உயர டைவிங்தான். ஆஸ்திரியாவின் ஆட்டர்ஸே ஏரி 469 மீட்டரில் இருக்கிறது, அதுவும் இதில் சேர்த்தி. அமெரிக்காவில் 1,897 மீட்டரில் இருக்கும் டாஹோ ஏரியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். அங்கே 20 மீட்டர் இறங்கினால், டிகம்ப்ரஷன் கணக்குக்கு அது கடலில் சுமார் 25 மீட்டர் மாதிரி. சில டைவ் கம்ப்யூட்டர்கள் உயரத்தைத் தாமே கண்டுகொள்ளும், சிலவற்றில் நாம்தான் மாற்ற வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கிளம்புவதற்கு முன் கையேட்டில் பாருங்கள். நன்னீர் என்ற அமைப்பையும் அப்போதே போட்டுவிடலாம்.

அடுத்தது குளிர். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும், அதனால் ஆழமான ஏரியின் அடியில் நடுக்கோடையிலும் ஏறக்குறைய அந்தக் குளிர்தான். மேலே காலை நனைத்துப் பார்த்து 18 டிகிரி என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. என் கட்சி டிரை சூட், அதாவது உள்ளே நீர் புகாத உடை. ஆனால் அதை முதல்முறை போட்டுப் பழகும் இடம் இது இல்லை. 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட்டில் (உள்ளே நீர் புகும் ரப்பர் உடை) குறுகிய டைவ் ஒன்று போடலாம். ஆழத்தில் அது நசுங்கி மெலிந்துவிடும், ஈர உடுப்போடு காற்றில் நின்றபின் இரண்டாவது டைவுக்கு மனசே வராது.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சிலிண்டரில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீர் ஏற்கெனவே 4 டிகிரி என்றால் பனி உறைந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், காற்று கொட்டத் தொடங்கும். குளிர்நீருக்கென்று சோதிக்கப்பட்ட, சீல் வைத்த மாடல்தான் வேண்டும். தலை தண்ணீருக்குள் போகும்வரை அதில் மூச்சுவிடாதீர்கள், காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். பி.சி.டி.க்கு (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றடைத்த மேலங்கி) காற்றைச் சின்னச் சின்னதாக விடுங்கள், அதே நொடியில் மூச்சை இழுக்காமல். இரண்டு வால்வு உள்ள சிலிண்டரும் இரண்டு தனித்தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று கொட்டினால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சுவிடலாம். எதுவானாலும் டைவ் அத்தோடு முடிந்தது. துணையோடு நிதானமாக மேலே வாருங்கள்.

எடையில் இரண்டு கணக்கு எதிரெதிராக ஓடும். நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை சதவீதம் போலத் தூக்கல் குறைவாகத் தரும். உபகரணங்களோடு சேர்த்து 100 கிலோ என்றால் இரண்டரை கிலோ ஈயத்தைக் கழற்றலாம். டிரை சூட்டும் தடித்த உள்ளாடையும் அதற்கு மேலேயே கேட்கும். கரையோரத்தில் மிதந்து பார்த்து முடிவு செய்யுங்கள். 20 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர், 5 டிகிரி நீரில் 190 பார்தான் காட்டும். கசிவு என்று பதற வேண்டாம், மிச்சக் கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் டைவைக் காலையிலேயே வையுங்கள். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்பினால், காலையில் சுலபமாக இருந்த கரையே மதியம் அலையடித்து வழுக்கும். இறங்குமுன் ஏறும் இடத்தையும் பார்த்து வையுங்கள்: பெரிய பாறை, தனி மரம், ஏதாவது. ஃபின்னை, அதாவது காலில் மாட்டும் துடுப்பை, கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் மாட்டுவதே எனக்குப் பிடித்த முறை. அடிமண் மாவு மாதிரி கிளம்பும், அதனால் தவளை மாதிரி பக்கவாட்டில் உதைத்து நீந்துங்கள்.

செல்போன் சிக்னல் இல்லாமல் போகலாம். அவசர எண், அருகிலுள்ள அழுத்த அறை (குமிழிப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் இடம்), அங்கே போகும் வழி மூன்றையும் தாளில் எழுதி வண்டியில் வையுங்கள். அழுத்த அறை கணவாய்க்கு அந்தப் பக்கம் என்றால் எப்படிப் போவது என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். முதலுதவிக்கான ஆக்சிஜன் பெட்டி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. ஏரிக்கு அனுமதி தேவையா என்பதையும் விசாரியுங்கள்.

டைவ்களுக்கு நடுவே உலர்ந்த துணி, குல்லாய், சூடான பானம், நிறைய தண்ணீர். சூடான குளியலுக்கு அவசரம் வேண்டாம், குமிழிகளுக்கு அது தோது.

கிளம்பும்போது சூட், பூட்ஸ், பி.சி.டி. எல்லாவற்றையும் கழுவி, உள்ளே நின்ற தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துப் போங்கள். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் ஈரமான உபகரணத்தில் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி போகும்.