செய்முறையில் கப்பில் சொன்ன மைதாவை கிராமில் அளந்து போடுங்கள்

மைதா, சர்க்கரை, கோகோ டப்பாக்களின் மூடியில் ‘1 கப் = இத்தனை கிராம்’ என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். அமெரிக்க கப் (சுமார் 240 மி.லி.) கணக்கில் மைதா 120 முதல் 125 கிராம், சர்க்கரை 200, கோகோ ஏறக்குறைய 85, வெண்ணெய் 227. கேக் கலக்கும் கிண்ணத்தையே டிஜிட்டல் தராசில் வைத்து, ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும் முன்பும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் போதும். கழுவ ஒரு கப்கூட விழாது.

மைதாவுக்கு இது மிகவும் அவசியம். கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, 150 கிராம்கூட ஏறிவிடும். ஸ்பூனால் தளர்வாகப் போட்டு மேலே வழித்தால் 120தான். இரண்டு கப் மைதா சேர்க்கும் கேக்கில் 40 முதல் 60 கிராம் கூடுதலாக விழுந்துவிடும். கேக் வறண்டு போனால் ஓவனைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். வெள்ளைச் சர்க்கரை இப்படி அமுங்காது, அதற்கு கப்பே போதும்.

பேக்கிங் சோடா, ஈஸ்ட், உப்புக்கு இந்த வழி வேண்டாம். சாதாரண வீட்டுத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும், அரை டீஸ்பூன் சோடாவை அதில் நம்பி அளக்க முடியாது. அளவு ஸ்பூனையே பயன்படுத்துங்கள். ஆஸ்திரேலியச் செய்முறை என்றால் சீட்டில் உள்ள எண்கள் பொருந்தாது: அங்கே கப் 250 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 அல்ல, 20 மி.லி.