கொலஸ்ட்ரோல் ரிப்போட்டை ஒரே பக்கத்தில் அடுக்கி வாசிப்பது எப்படி

மாமாவுக்கு 220 இருந்த கொலஸ்ட்ரோல் மூன்று மாதத்தில் 5.4 ஆகிவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம். "மறுகா என்னத்துக்கு மருமகன் குளிசை?" என்று கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். ஒரு மாதம் கழித்து கிளினிக்கில் டொக்டர் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குளிசையை நிப்பாட்டச் சொன்னது ஆர்?"

220 மட்டக்களப்பு டவுனில் ஒரு லேப்பில் எடுத்தது. 5.4 கல்முனையில் எடுத்தது. அலகு வேறு, அவ்வளவுதான். அந்த வெட்கத்தில்தான் இந்தப் பதிவு.

படி 1: கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு கல்குலேட்டர். போன் அப் வேண்டாம். நான் இறக்கிய ஒன்று 5.4 என்று போட்டதும் மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டு பச்சை நிறம் காட்டியது. திகதி, மொத்தக் கொலஸ்ட்ரோல், எச்.டி.எல். ("நல்ல" கொலஸ்ட்ரோல் என்பார்கள்), ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு), எல்.டி.எல். ("கெட்ட" கொலஸ்ட்ரோல்) என்று நிரல் போடுங்கள். கடைசியில் அகலமாக ஒரு நிரல்: "அந்தக் கிழமை என்ன நடந்தது". காய்ச்சல், கலியாண வீட்டுப் புரியாணி, குளிசை தவறியது எல்லாம் அதற்குள் போகும்.

படி 2: அலகு (நான் விழுந்த இடம்)

எண்ணைப் பார்க்க முன்னம் அதற்குப் பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்றால் மொத்தக் கொலஸ்ட்ரோல் நூற்றுக்கணக்கில் வரும். லீற்றருக்கு மில்லிமோல் என்றால் ஒற்றை இலக்கத்தில் வரும். மில்லிமோலை மில்லிகிராமுக்கு மாற்ற 38.67 ஆல் பெருக்க வேண்டும். 5.4 × 38.67 = 209. ஆக, மாமாவுக்குக் குறைந்தது வெறும் 11.

இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. ட்ரைகிளிசரைட்டுக்கு 38.67 சரிவராது, அதற்கு 88.57. மாமாவின் 2.6 ஐ முதலில் பிழையாகப் பெருக்கி 101 என்று எழுதி, "இது நல்லாத்தானே இருக்கு" என்று மாமிக்கும் சொல்லிவிட்டேன். சரியான கணக்கு 230. எல்லாவற்றையும் மில்லிகிராமுக்கே மாற்றி எழுதுங்கள், அசல் எண்ணை அடைப்புக்குள் போடுங்கள். சீனி, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) எல்லாம் வேறு வேறு எண்ணால் மாறும். அவற்றை இந்தக் கணக்குக்குள் இழுக்காதீர்கள்.

படி 3: ஒரு கழித்தல்

மொத்தத்தில் இருந்து எச்.டி.எல். ஐக் கழியுங்கள். மாமாவுக்கு 209 − 39 = 170. இரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியக்கூடிய கொழுப்புத் துணிக்கைகள் சுமக்கும் கொலஸ்ட்ரோல் முழுக்க இந்த 170க்குள் அடக்கம். எனக்கு எல்.டி.எல். ஐ விட இந்த எண்ணில்தான் நம்பிக்கை. காரணம், பல லேப்புகள் எல்.டி.எல். ஐ நேரே அளப்பதில்லை. 1972இல் வந்த பிரீடுவால்ட் சூத்திரத்தில் கணக்குப் போட்டு எழுதுகிறார்கள்: மொத்தம் − எச்.டி.எல். − ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒன்று. 209 − 39 − 46 = 124. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கே செல்லாது. அப்போது வெறும் வயிற்றில் திரும்ப எடுங்கள்.

டொக்டர் சொல்லும் எல்.டி.எல். இலக்கோடு 30 கூட்டினால் இந்தக் கழித்தல் எண்ணுக்கான இலக்கு வரும். மாமாவுக்கு 124க்கும் 170க்கும் இடையில் 30 அல்ல, 46. சீனி வருத்தக்காரருக்கு இப்படி அடிக்கடி வரும்: எல்.டி.எல். சாதுவாகத் தெரியும், மிச்சத்துக்குள் கள்ளன் ஒளிந்திருப்பான். வசதி இருந்தால் அப்போ-பி என்ற இரத்தச் சோதனையும் எடுக்கலாம். சுவரில் படியக்கூடிய ஒவ்வொரு துணிக்கையிலும் ஒரேயொரு அப்போ-பி புரதம்தான் இருக்கும் என்பதால் அது துணிக்கைகளைத் தலைக்கணக்கு எடுப்பது போல.

தாளில் "நோர்மல்" என்று அச்சிட்டிருக்கும் எல்லை பொதுவானது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே, இப்போது பலர் 55க்குக் கீழேயும் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு 120 வந்து, எல்லை தாண்டியதைக் காட்டும் நட்சத்திரம் பக்கத்தில் விழவில்லை என்று நிம்மதிப்பட வேண்டாம்.

படி 4: சீ.ஆர்.பி.

சீ.ஆர்.பி. அழற்சியைக் காட்டும் ஒரு புரதம். உயர் உணர்திறன் சீ.ஆர்.பி. என்று கேட்டு எடுங்கள், சாதாரண சீ.ஆர்.பி. வேறு. லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3க்கு மேலே கூடுதல். அது உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும், இதயத்தை மட்டும் காட்டாது.

*பிற்சேர்க்கை:* அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கச்சி 14 வந்துவிட்டது என்று பயந்துபோய் எழுதியிருந்தா. விசாரித்தால் பல்லில் சீழ். 10ஐத் தாண்டினால் முதலில் கிருமித்தொற்றைத் தேடுங்கள், சுகமாகி இரண்டு கிழமையாவது கழித்துத் திரும்ப எடுங்கள்.

படி 5: லைப்போபுரோட்டீன்-ஏ

இது எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துணிக்கை. வாழ்க்கையில் ஒரு தரம் அளந்தால் போதும். பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது, சாப்பாட்டால் அசையாது. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள். டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது லீற்றருக்கு 125 நனோமோலுக்கு மேல் என்றால் கூடுதல்.

*இன்னொரு பிற்சேர்க்கை:* படி 2ஐப் படித்துவிட்டு ஒருவர் இதையும் பெருக்கி மாற்றியிருந்தார். பிழை என்னில்தான், எழுதாமல் விட்டுவிட்டேன். இந்தத் துணிக்கை ஆளுக்கு ஆள் பருமன் வேறு, ஒரே எண்ணால் பெருக்கி மாற்ற முடியாது. வந்த அலகிலேயே எழுதுங்கள்.

"டிரோப்போனினும் எடுத்து வைக்கலாமா?" என்று கேட்டவர்களுக்கு: அது இதயத்தசை பாதிக்கப்படும்போது ஏறுவது, முன்கூட்டிச் சொல்வதல்ல. நெஞ்சை அமத்தி, வியர்த்துக் கொட்டினால் லேப்புக்குப் போகாதீர்கள், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

படி 6: காலைக் கேளுங்கள்

மாமா பின்னேரம் கல்லடிப் பழைய பாலத்தில் நடப்பார். பாதியில் நின்று வாவியைப் பார்ப்பார், மறுகா நடப்பார். ரசனைக்காரர் என்று நினைத்திருந்தோம். மாமிதான் பிடித்தா: "அவர் ஒவ்வொரு நாளும் அதே இடத்திலதான் நிக்கிறார் மனே." கெண்டைக்கால் இறுகிப் பிடிக்குமாம், நின்றால் விட்டுவிடுமாம், திரும்ப அதே தூரம் நடந்தால் பிடிக்குமாம். வாதம் என்று எண்ணெய் பூசியிருக்கிறார். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஒடுங்கினால் இப்படித்தான் வரும்.

கணுக்கால் பிறஷரைக் கைப் பிறஷரால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் நாடியில் அடைப்பு. 1.4க்கு மேலே போனாலும் நல்லதல்ல, குழாய் விறைத்திருக்கிறது என்று பொருள். சீனிக்காரருக்கு இது வரும். வீட்டு மெஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்க்காதீர்கள், நான் கட்டினேன், மூன்று தரமும் மூன்று எண். டொப்ளர் கருவி (இரத்த ஓட்டத்தை ஒலியால் பிடிப்பது) வைத்து எடுப்பதுதான் நம்பகமானது.

மாமாவுக்கு 0.8 வந்தது. குளிசை திரும்பத் தொடங்கியாயிற்று, நடக்கவும் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கும் மட்டும் நடந்து, நின்று, திரும்ப நடப்பது. கொப்பியில் இப்போது ஒரு நிரல் கூட: பாலத்தில் நிற்காமல் எத்தனை நிமிடம். அதை மாமிதான் எழுதுகிறா.