சேர்வராயன் மலையில் பாழடைந்த ஓட்டு வீட்டைப் புதுப்பித்தல்

ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பாழடைந்து நிற்கும் மண்சுவர் ஓட்டு வீட்டைச் சீரமைக்க முனைவோர், சுவரைத் தொடுவதற்கு முன் கூரையைக் கவனிக்க வேண்டும். ஓடுகளை இறக்கி அடுக்கி, கூரையைத் தாங்கும் கைமரங்களில் கரையான் அரித்தவற்றை மட்டும் மாற்றி, மழைக்கு முன்பே மறுபடி வேய்ந்துவிடுவது நல்லது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் மழையும் மாறிமாறி வரும் இம்மலையில், மண்சுவருக்குச் சிமெண்ட் பூசுவது பெருந்தவறு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே இளக்கிவிடும் என்பதால், நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தையே பூச வேண்டும். அது மெதுவாகத்தான் இறுகும், பொறுமை தேவை.

கூடுதலாக ஓர் அறை வேண்டுமென்றால், அதைப் பின்புறத்தில், பழைய கூரையைவிடத் தாழ்வாக, தனி அடித்தளத்தில் எழுப்பி, இரண்டு சுவர்களுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் மேற்புறத்தைத் தகட்டால் மூடினால், புதுச்சுவர் அமரும்போது பழைய சுவரில் விரிசல் விழாது. இடம் போதவில்லை என்று வாசல் திண்ணையை மட்டும் இடித்துவிட வேண்டாம்.