புராகிரசிவ் கண்ணாடி பழகவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால், செல்போனைத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். ஏற்கெனவே தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்களுக்குக் கடையில் அப்போது புராகிரசிவ் லென்ஸைக் காட்டுவார்கள்: தூரம், கணினி, படிப்பு மூன்றுக்கும் கோடு இல்லாத ஒரே லென்ஸ். தூரத்துக்கும் படிக்கவும் இரண்டே பாகமாகக் கோடு போட்ட பைஃபோகலைவிட விலை அதிகம். அப்படி வாங்கிய கண்ணாடியை ஒரே வாரத்தில் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, "எனக்கு அது ஒத்துக்கல" என்பவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: பார்க்கும் விதம், அல்லது கடையில் எடுத்த அளவு. முன்னது நாள்பட நாள்படச் சரியாகும். பின்னது எத்தனை மாதம் போட்டாலும் சரியாகாது.

லென்ஸின் மேல்பாகம் தூரத்துக்கு, அடிப்பாகம் படிக்க. இரண்டுக்கும் நடுவே பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே இறங்கும் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. கணினித் திரையைப் பார்ப்பது அதன் வழியாகத்தான். கோடு இல்லாமல் பவரைக் கூட்டினால் அந்தப் பாதையின் இருபுறமும் மங்கல் வந்தே தீரும். 1959இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற புராகிரசிவ் லென்ஸ் வந்த நாளிலிருந்து அந்த மங்கலை நிறையக் குறைத்திருக்கிறார்கள், ஒழிக்க முடியவில்லை. ஓர மங்கலே கிடையாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இதை அறியாமல் பழைய வழக்கப்படி கடைக்கண்ணால் பார்ப்பதுதான் முதல் தவறு. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க மூக்கு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். படிக்கும்போது நேர்மாறு: பலரும் புத்தகத்தை நோக்கித் தலையைக் கவிழ்க்கிறார்கள், அதனால் தூரத்துக்கான மேல்பாகம் வழியாகப் பார்த்துவிட்டு எழுத்து மங்குகிறது என்கிறார்கள். தலையை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மட்டும் தாழ்த்த வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் அதே அடிப்பாகம் ஆபத்தாகிவிடும். படி மங்கும், கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அங்கே மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் குனிந்துதான் இறங்க வேண்டும். ஏற்கெனவே நடையில் தடுமாற்றம் உள்ள வயதானவர்கள் வெளியே போகும்போது தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, தலை கொஞ்சம் கிறுகிறுத்ததும் பழைய கண்ணாடிக்குத் திரும்புவது. புதிய பார்வைக்கு மூளை பழக வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் படியவே படியாது. எழுந்ததும் புதியதைப் போடுங்கள், தூங்கும்வரை அதுவே இருக்கட்டும். வண்டி ஓட்ட மட்டும் அவசரப்பட வேண்டாம். பைக்கின் பக்கக் கண்ணாடியை நாம் எப்போதும் கடைக்கண்ணால்தான் பார்க்கிறோம், மங்கல் இருப்பதும் அங்கேதான். வீட்டிலும் தெருவிலும் நடந்து பழகிய பிறகு ஓட்டலாம்.

தரை அலைவது, பக்கங்கள் நெளிவது எல்லாம் சிலருக்கு ஓரிரு நாளில், பலருக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால் "போகப் போகச் சரியாயிடும்" என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். கண்ணாடியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தால் எழுத்து தெளிகிறதா? லென்ஸ் கீழே இறங்கி அமைந்திருக்கலாம், அல்லது ஃப்ரேம் வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கியிருக்கலாம். தலையைக் குனிந்தால்தான் தூரம் தெளிகிறதா? லென்ஸ் அமைந்த உயரம் கூடிவிட்டது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டால்தான் படிக்க முடிகிறதா? கண் பாப்பாக்களுக்கு (கண்ணின் நடுவே உள்ள கருவட்டம்) இடையிலான தூரத்தை, அதாவது பி.டி.யை, தவறாக எடுத்திருக்கலாம். இதைக் கடையில் அப்படியே சொல்லுங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு குறிகள் பொறித்திருக்கும். அவற்றை வைத்து மறுபடி குறித்து, உங்கள் கண்ணுக்கு நேராக அமைந்திருக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியும்.

இன்னும் நல்லது, வாங்கும் அன்றே பார்த்துவிடுவது. லென்ஸில் மையால் போட்ட சிலுவைக்குறியை அழிப்பதற்கு முன் கண்ணாடியை மாட்டி நேராகப் பாருங்கள். குறி பாப்பாவுக்கு நேரே இருக்க வேண்டும். அளவு எடுக்கும்போதும், ஃப்ரேமை முகத்துக்குத் தக்கபடி வளைத்துச் சரிசெய்த பிறகுதான் எடுக்கச் சொல்ல வேண்டும். அளவெடுத்தபின் மூக்குத் தாங்கியை அழுத்திச் சரிசெய்தால் எடுத்த உயரம் வீண். பார்க்க அழகாக இருக்கிறதென்று உயரம் குறைந்த ஃப்ரேமை எடுப்பதும் வேண்டாம், படிக்கும் பாகம் வெட்டுப்பட்டுப் போகும். 30 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பவரை மட்டும் கொடுத்து ஆன்லைனில் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ரேம் முகத்தில் உட்காரும் உயரம் அதில் யாருக்கும் தெரியாது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத நாளில் கண் பரிசோதனை செய்தால் பவரே மாறி வரும், அப்புறம் எந்த லென்ஸ் போட்டும் பயனில்லை. முதலில் சர்க்கரையைச் சீராக்கிவிட்டுப் போங்கள்.

புராகிரசிவுக்கு மாறுவதைத் தள்ளிப்போடுவதும் சிக்கல்தான். படிக்கும் கூடுதல் பவர் +1.00 இருக்கும்போது ஓர மங்கல் குறைவு, +2.50 ஆனபின் தொடங்கினால் அதிகம். அதற்காக, பைஃபோகலில் வசதியாக இருப்பவர் மாறியே ஆக வேண்டும் என்பதில்லை.

அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்களுக்கு ஒன்று. திரை உயரமாக இருந்தால் நடுப்பாதையைப் பிடிக்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே வரும்படி இறக்குங்கள். அப்படியும் வலித்தால், திரைக்கும் படிப்பதற்கும் மட்டும் ஆபீஸ் லென்ஸ் என்று தனியாகக் கிடைக்கிறது, மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டக் கூடாது.