சதுரங்கப் போட்டியைச் சுவிஸ் மேனேஜரில் நடத்தும் முறை

நூற்றிருபது பிள்ளைகள் ஆடும் ஏழு சுற்றுப் போட்டியை அட்டை எழுதி, கையால் ஜோடி சேர்த்து ஒரே நாளில் முடிப்பது இன்று யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் ஹெர்சோக் உருவாக்கிய சுவிஸ் மேனேஜர் என்னும் மென்பொருள் அந்த வேலையைச் சில நொடிகளில் முடித்து, முடிவுகளை செஸ் ரிசல்ட்ஸ் தளத்திலும் ஏற்றிவிடுகிறது. ஆனால் நாம் கொடுக்கும் விவரம் தவறாக இருந்தால், அதே வேகத்தில் தவறான ஜோடிகளையும் போட்டுத் தரும் என்பதால், நடுவரின் கவனம் முழுவதும் உள்ளீட்டில்தான் இருக்க வேண்டும்.

முதலில் போட்டியின் பெயர், சுற்றுகளின் எண்ணிக்கை, சமப்புள்ளி வந்தால் முந்துபவரைத் தீர்மானிக்கும் டை பிரேக் வரிசை ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். டை பிரேக் வரிசையை முதல் சுற்றுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். பரிசளிப்பு மேடையருகே நின்று, டை பிரேக்குகளில் ஒன்றான புக்கோல்ட்ஸ் என்றால் எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல் என்று விளக்கத் தொடங்கினால், எந்தப் பெற்றோரும் அமைதியடைய மாட்டார்.

ஆட்டக்காரர்களைச் சேர்க்கும்போது பெயரைத் தட்டச்சு செய்வதை விட, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசைப் பட்டியலை இறக்கிக்கொண்டு, ஆட்டக்காரரின் ஃபிடே எண்ணைக் கொண்டு தேடுவதே பாதுகாப்பானது. நம் பெயர்களில் முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வருவதால், எஸ். கார்த்திக்கும் கார்த்திக் எஸ்ஸும் இருவராகப் பட்டியலில் ஏறிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எண் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள்; வயதுப் பிரிவுப் பரிசுகள் அதை நம்பியே இருக்கின்றன.

வந்தவர்களைக் கணக்கெடுத்த பிறகே முதல் சுற்றுக்கு ஜோடி போடுங்கள். 120 பேர் என்றால், பட்டியலின் முதல் எண் 61ஆம் எண்ணோடும், இரண்டாம் எண் 62ஆம் எண்ணோடும் மோதும். எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவருக்கு எதிராளி இல்லாத சுற்று, அதாவது ‘பை’ (bye) கிடைக்கும். அதற்கு வழக்கமாக 1 புள்ளி உண்டு, ஆனால் ஒருவருக்கே அது இருமுறை வராது. இடையில் விலகியவரை அடுத்த சுற்றிலிருந்து உடனே நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அவருக்கு எதிரே ஒரு குழந்தை வெறும் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

உண்மையான சோதனை முடிவுகளைப் பதிவதில் இருக்கிறது. நான் உதவி நடுவராக இருந்த ஒரு போட்டியில், 14ஆம் பலகையில் கருப்பு வென்றதை வெள்ளை வென்றதாகப் பதிந்துவிட்டேன். அடுத்த சுற்றின் கடிகாரங்கள் ஓடத் தொடங்கிய பின்னரே அந்தச் சிறுமி வந்து, தான் ஜெயித்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஜோடியைக் கலைக்க வழியில்லை. முடிவை மட்டும் திருத்தி, அது அடுத்த ஜோடிகளில் கணக்கில் வரும்படி செய்யலாம். அன்றிலிருந்து ஒருவர் முடிவுச் சீட்டைப் படிக்க, மற்றவர் பதிந்து திரும்பச் சொல்லிக் காட்டுவதையும், புள்ளிப்பட்டியலை ஒட்டி ஐந்து நிமிடம் காத்திருந்த பிறகே அடுத்த ஜோடி போடுவதையும் விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

தொடர்ந்து இரண்டு முறை கருப்புக் காய் வந்துவிட்டது என்று புகார் வந்தால், கையால் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அது விதிக்கு உட்பட்டதே. மூன்றாவது முறையும் தொடர்ச்சியாக அதே நிறம் வராமல் மென்பொருளே பார்த்துக்கொள்ளும், கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் போட்டிக் கோப்பின் நகலை, சுற்று எண்ணைப் பெயரில் சேர்த்து, பென் டிரைவில் எடுத்து, மடிக்கணினிப் பையில் அல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.